சிமெண்டுக்கு ஜிஎஸ்டி 28-ஐ 18-ஆ மாத்தணும்: ஒரு வரில முடிச்சிரவா, ஒழுங்கா செய்யவா?

லோயர்கேம்ப்_லூப் | 13 செப்டம்பர் 2025, இரவு 10.52

வணக்கம் மக்களே. நமக்கு ஊரு கம்பம், வேல கேரளாப் பக்கம் குமுளில. காலைல மலை ஏறி ராத்திரி எறங்குற பொழப்பு. மேல ஒரு ஹார்ட்வேர் கட, சிமெண்டு, பெயிண்டு, பைப்பு, ட்ரிப் சாமான், மருந்தடிக்கிற ஸ்ப்ரேயர்னு எல்லாம் போகும், ஏலத்தோட்டக்காரங்கதான் பாதி கஸ்டமர். அங்க பில்லிங் சாப்ட்வேர நாந்தான் பாத்துக்கிறேன். நான் எழுதுனது இல்ல, எனக்கு முன்னாடி இருந்த அண்ணன் விபி6-லயும் (பழைய ப்ரோக்ராம் லாங்வேஜ்) ஆக்செஸ்லயும் (டேட்டாபேஸ்) எழுதி வச்சிட்டு துபாய்க்கு போயிட்டாப்ல.

விஷயம் என்னன்னா, 3-ந் தேதி ஜிஎஸ்டி கவுன்சில்ல சொல்லிட்டாங்க, 22-ல இருந்து சிமெண்டு வரி 28 சதவீதத்துல இருந்து 18, ட்ரிப், ஸ்ப்ரிங்ளர் எல்லாம் 12-ல இருந்து 5. முதலாளி ரொம்ப சிம்பிளா சொல்றாரு, "ஐட்டம் மாஸ்டர்ல (சரக்கு பட்டியல்) நம்பர மாத்துனா முடிஞ்சது, அதுக்கு எதுக்குடா ஒரு வாரம்?"

மாத்தலாம். ஆனா அண்ணன் எழுதுன கோடுல (code) பில்லு சேவ் ஆகும்போது ஐட்டம், எண்ணிக்கை, வெல மூணு மட்டும்தான் சேவ் ஆகுது, வரி ரேட்டு சேவே ஆகுறதில்ல. எப்ப ரீப்ரிண்ட் எடுத்தாலும், ஜிஎஸ்டி ரிட்டர்னுக்கு ரிப்போர்ட் எடுத்தாலும் மாஸ்டர்ல இன்னைக்கு என்ன ரேட்டு இருக்கோ அத எடுத்து புதுசா கணக்கு போடும். அப்ப 22-ந் தேதி நான் 18-னு மாத்துனா ஜூன் மாசத்து பில்லும் 18-ஆயிரும்.

இதே கூத்து ஒருக்கா நடந்திருக்கு. கேரளாவுல வெள்ளம் வந்ததுக்கப்பறம் பிளட் செஸ்னு கூடுதல் வரி 1 சதவீதம் போட்டாங்கல்ல, 2019 ஆகஸ்ட் 1-ல இருந்து 2021 ஜூலை 31 வரைக்கும். ஜிஎஸ்டி நம்பர் இல்லாத ஆளுக்கு விக்கும்போது மட்டும். அண்ணன் அத "கடையோட மாநில கோடு 32-ஆ (கேரளா) இருந்து, கஸ்டமருக்கு நம்பர் இல்லேன்னா ஒண்ணு கூட்டு"ன்னு கோடுக்குள்ளயே எழுதிட்டு மேல "தற்காலிகம்"னு ஒரு கமெண்டு. செஸ் முடிஞ்ச அன்னிக்கு அந்த வரிய தூக்கிட்டாப்ல. இப்ப 2020 பில்லு ரீப்ரிண்ட் எடுத்தா செஸ் இல்லாம வருது. ஒரு காண்ட்ராக்டர் வந்து கேட்டாரு, கையில இருக்க பில்லுல 12,900, நம்ம ரீப்ரிண்ட்ல 12,800. முதலாளி பேனாவால 100 எழுதி கையெழுத்து போட்டு குடுத்தாரு.

நான் நெனைக்கிறது, வரி ரேட்டுக்கு தனி டேபிள், எந்த தேதில இருந்து எந்த தேதி வரைக்கும்னு ரெண்டு காலம் (column), எல்லா ரிப்போர்ட்டும் அதுல இருந்து எடுக்கணும். மொத்தம் 40 இடத்துல கை வைக்கணும், எனக்கு மூணு வாரம் ஆகும். இருக்கிறது ஒம்போது நாளு. என்ன பண்ணலாம்?


ஒத்தவரி | 13 செப்டம்பர், இரவு 11.03

21 ராத்திரி 12 மணிக்கு மாஸ்டர மாத்து, படுத்து தூங்கு.


லோயர்கேம்ப்_லூப் | 13 செப்டம்பர், இரவு 11.05

படிச்சிட்டுதான் எழுதுனீங்களா?


ஒத்தவரி | 13 செப்டம்பர், இரவு 11.06

பாதி.


கோபால்_தாத்தா | 14 செப்டம்பர், காலை 6.20

புதுசா வந்தவங்களுக்காக, என் பேரு கோபால் இல்ல, நான் ப்ரோக்ராம் எழுதுன பழைய லாங்வேஜுதான் கோபால் (COBOL).

தம்பி, குறுக்கு வழின்னதும் மூஞ்சிய சுளிக்காதீங்க. 98, 99-ல நாங்க சென்னைல ராப்பகலா ஒய்2கே வேல, அதான் 2000-ம் வருஷச் சிக்கல சரி பண்ற வேல, பாத்தோம். வருஷத்துக்கு ரெண்டு இலக்கம்தான் பைலுல இடம். ஒழுங்கா செய்யிறதுன்னா ஒவ்வொரு பைலையும் நாலு இலக்கமா விரிச்சு, அத தொடுற ஒவ்வொரு ப்ரோக்ராமையும் மாத்தி, பழைய டேப்ப எல்லாம் கன்வெர்ட் பண்ணி... 99 டிசம்பர் 31-க்குள்ள சத்தியமா முடியாது. அதனால பல எடத்துல ஜன்னல் வச்சோம். 30-க்கு கீழ இருந்தா 2000, 30-ல இருந்து மேல 1900. ரெண்டு வரி கோடு. வேல நடந்துச்சு, ஜனவரி 1-ந் தேதி பேங்கு தொறந்துச்சு. அது குறுக்கு வழிதான், ஆனா அன்னைக்கு அதுதான் சரி.

சிக்கல் எங்கன்னா, அத 2030 வரைக்கும் யாரும் ஓட்டமாட்டாங்கன்னு நெனச்சோம். உங்க ஆக்செஸ்லயும் அதே கததான், ரெண்டு இலக்கம் அடிச்சா 29 வரைக்கும் 2029, 30 அடிச்சா 1930-னு எடுத்துக்கும். பில்லடிக்கிற ஆளு வருஷத்த எப்படி அடிக்கிறாங்கன்னு ஒருக்கா பாத்து வைங்க. இன்னும் நாலு வருஷந்தான்.


லோயர்கேம்ப்_லூப் | 14 செப்டம்பர், காலை 7.15

பயமுறுத்தாதீங்க தாத்தா. பில்லடிக்கிற சேச்சி ரெண்டு இலக்கந்தான் அடிக்கிது.


ஏலக்கா_எக்ஸெல் | 14 செப்டம்பர், காலை 9.40

நான் போடி. ஏலக்கா ஸ்டோர் ஒண்ணுல தராசையும் கம்ப்யூட்டரையும் இணைச்சு குடுத்திருக்கேன். பச்சக்காய் மூட்ட தராசுல வச்சதும் எடை சீரியல் கேபிள் வழியா ஸ்கிரீனுக்கு வரணும். சில நேரம் பாதி நம்பர்தான் வரும், 48.350-க்கு பதிலா 8.350. முன்னாடி இருந்த நம்பர முழுங்கிருது. தேடித் தேடி பாத்தேன் புரியல, சரின்னு அரை செகண்டு காத்திருந்து படிக்கச் சொல்லி ஒரு ஸ்லீப் போட்டு விட்டேன். சரியாயிருச்சு. சீசன்ல மூட்ட குவியும்போது தராசுல ஏத்துறவன் அரை செகண்டுக்குள்ள எறக்கிட்டான்னா முந்துன மூட்ட எடையே மறுக்கா விழுந்துச்சு. அப்பறம் மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல கம்ப்யூட்டர ஆப் பண்ணி ஆன் பண்ணுங்கன்னு ஒரு காகிதத்துல எழுதி மானிட்டர்ல ஒட்டுனேன். மூணு சீசனா ஒட்டியே இருக்கு. காகிதம் மஞ்சளாகி ஏலக்கா வாசம் அடிக்கிது.

போன மாசம்தான் உக்காந்து ஒழுங்கா பாத்தேன். தராசு ஒவ்வொரு எடைக்கும் கடைசில ஒரு என்டர் அனுப்புது, நான் அதுவரைக்கும் சேத்து வச்சு படிச்சிருக்கணும், வந்தத வந்தபடி படிச்சிருக்கேன். பதினஞ்சு வரி. ஒரு மணி நேரம். மூணு வருஷம் ஓட்டுனத நெனச்சா எனக்கே கேவலமா இருக்கு.

அதனால லூப்பு, ஒழுங்கா செய்ய மூணு வாரம்னு சொல்றீங்கல்ல, அது நெசமாவே மூணு வாரமான்னு மறுக்கா எண்ணிப் பாருங்க. பயத்துல நாம பெருசா சொல்லிருவோம்.


மாத்தி_யோசி | 14 செப்டம்பர், பகல் 11.30

அந்த "ஆப் பண்ணி ஆன் பண்ணு" காகிதத்துக்கு பெரிய சரித்திரமே இருக்கு. 1991 பிப்ரவரி 25, வளைகுடா போரு, சவுதில தஹ்ரான். வர்ற ஏவுகணைய வழியிலயே அடிக்கிற பேட்ரியாட் ஏவுகணை சிஸ்டம் நேரத்த பத்துல ஒரு செகண்டா எண்ணும், 0.1-ஐ 24 பிட்டுல சரியா எழுத முடியாது, துளி வெட்டுப்படும். 100 மணி நேரம் விடாம ஓடுனா அந்த துளி சேந்து 0.34 செகண்டு. வர்ற ஸ்கட் ஏவுகணைய தப்பான எடத்துல தேடிருக்கு. 28 பேரு செத்தாங்க. இதுல கொடும என்னன்னா, ரொம்ப நேரம் ஓடுனா பிசகும்னு முன்னாடியே தெரியும், "ரொம்ப நேரம் ஓடவிடாதீங்க"ன்னு தகவலும் போயிருக்கு. ரொம்ப நேரம்னா எத்தன மணி நேரம்னு அதுல இல்ல. திருத்துன சாப்ட்வேரு தஹ்ரானுக்கு வந்து சேந்தது மறுநாளு, 26-ந் தேதி.

ஏலக்கா அண்ணே, ஒங்க காகிதத்துல "மத்தியானம்"னு நேரமாவது எழுதியிருந்தீங்களே.


ஏலக்கா_எக்ஸெல் | 14 செப்டம்பர், பகல் 11.42

இதுக்கு சந்தோஷப்படவா அழவா தெரியல


சுருளி_சாரல் | 14 செப்டம்பர், மதியம் 1.10

நம்ம முல்லைப் பெரியாறு அணையவே பாருங்களேன். 1895-ல சுண்ணாம்பும் சுர்க்கியும் (செங்கல் பொடி) வச்சு கட்டுனது. 1979-ல மத்திய நீர்வளக் கமிஷன் வந்து பாத்துட்டு ஒடனடி வேல, இடைப்பட்ட வேல, நெரந்தர வேலன்னு மூணா பிரிச்சு குடுத்தாங்க. ஒடனடியா தண்ணி மட்டத்த 136 அடிக்கு எறக்கு, அப்பறம் கம்பி போட்டு பாறையோட இழுத்துக் கட்டு, அப்பறம் பின்னாடி கான்கிரீட் சாத்து. இதுதான் முறை. அவசரத்துக்கு செய்யிறது தப்பில்ல, அடுத்தது என்னன்னு எழுதி வச்சிட்டு செய்யணும். ஆனா அந்த 136-ஐ பிடிச்சுக்கிட்டு அந்தப் பக்கத்து ஆளுங்க


நடத்துனர் | 14 செப்டம்பர், மதியம் 1.25

சாரல், மீதிய வெட்டிட்டேன். அணை பேச்சு இந்த இழையில வேணாம். போன வாட்டி 300 பதிவு போயி கடைசில பூட்டுனோம், பாதி பேரு இன்னும் பேசிக்கிறதில்ல. சிமெண்டுக்கு வாங்க.


சுருளி_சாரல் | 14 செப்டம்பர், மதியம் 1.31

சிமெண்டு பத்தித்தான் பேசுனேன்.


கொழிஞ்சாம்பாற_கோடு | 14 செப்டம்பர், மாலை 4.05

ஏனுங்ண்ணா, நானும் பார்டர்தானுங், இந்தப் பக்கம் பாலக்காடு. எங்க அக்கா ஆடிட்டர் ஆபீஸ்ல இருக்குது, அதுகிட்ட கேட்டுப்போட்டு எழுதறனுங். நீங்க ஒழுங்கான வழின்னு சொல்றீங்களே, தேதி வச்ச டேபிளு, அதும் பத்தாதுங்.

22-ந் தேதிக்கு மேல ஒருத்தர் வந்து, 15-ந் தேதி வாங்குன சிமெண்டுல ஆறு மூட்ட மிச்சம், எடுத்துக்கோங்கன்னு திருப்பிக் குடுப்பாருங். அதுக்கு குடுக்கற சீட்டு, கிரெடிட் நோட்டு, எந்த ரேட்டுல போடுவீங்? வித்தப்ப வாங்குன ரேட்டுலதான போடோணும், 28. உங்க டேபிளு கிரெடிட் நோட்டு தேதிய பாத்து 18-னு எடுக்கும். அடுத்து, ஜிஎஸ்டி சட்டத்துல 14-ஆம் பிரிவுன்னு ஒண்ணு இருக்குதுங், ரேட்டு மாறும்போது என்ன பண்றதுன்னு. சரக்கு குடுத்தது, பில்லு போட்டது, காசு வாங்குனது இந்த மூணுல எந்த ரெண்டு ஒரே பக்கம் விழுதோ அந்தப் பக்கத்து ரேட்டுன்னு மோட்டாவா சொல்லுவாங்க. உங்க சரக்குக்கு அது எப்படிப் பொருந்தும்னு உங்க ஆடிட்டருதான் சொல்லோணும். நான் சொல்ல வர்றது, பில்லு தேதிய மட்டும் வச்சு கம்ப்யூட்டரு தானா முடிவெடுக்கற மாதிரி மூணு வாரம் உக்காந்து கட்டுனீங்கன்னா அது அழகா இருக்கும், தப்பா இருக்கும்.

அப்பறம் உங்களுக்கு 32, 33 (கேரளா, தமிழ்நாடு மாநில கோடு) தொந்தரவு வேற இருக்குமே. கம்பத்து ஆளு குமுளி கவுண்டர்ல வந்து தூக்கிட்டுப் போனா ஒரு கணக்கு, நீங்க வண்டில ஏத்தி கம்பத்துல எறக்குனா ஐஜிஎஸ்டி (மாநிலம் தாண்டுனா போடற ஜிஎஸ்டி), 50,000-க்கு மேல போனா ஈவே பில்லு (சரக்கு வண்டிக்கு எடுக்கற ஆன்லைன் சீட்டு). அதெல்லாம் எப்படி வச்சிருக்காருங் அந்த துபாய் அண்ணா?


லோயர்கேம்ப்_லூப் | 14 செப்டம்பர், மாலை 4.30

ஐஜிஎஸ்டிக்கு ஒரு செக்பாக்ஸ் இருக்கு. சேச்சி ஞாபகம் வந்தா டிக் பண்ணும்.

சரக்கு திருப்பிக் குடுக்குற விஷயம் நான் யோசிக்கவே இல்லண்ணே. நல்ல வேள கேட்டேன்.


வண்டிப்பெரியாறு_வால் | 14 செப்டம்பர், இரவு 9.15

நான் பிறந்தது எஸ்டேட் லயத்துல, இப்ப திருவனந்தபுரம் டெக்னோபார்க்ல குப்ப கொட்டுறேன். அங்க வாரா வாரம் இந்த சண்டதான், பேரு மட்டும் டெக்னிக்கல் டெட் (debt, கடன்). அந்த வார்த்தையப் பத்தி முதல்ல ஒண்ணு. 1992-ல வார்டு கன்னிங்ஹாம் அந்தக் கடன் உவமைய சொன்னது ஒரு பைனான்ஸ் சாப்ட்வேர் வேலையப் பத்தி. அசிங்கமா எழுதிக்கலாம்னு அவரு சொல்லல. இப்போதைக்கு புரிஞ்ச அளவுக்கு எழுதி வெளிய விடு, ஓட ஓட புரியும், புரிஞ்சதும் திருப்பி எழுதிரு, எழுதாம விட்டா வட்டி ஏறும்னு சொன்னாரு. இப்ப எல்லாரும் சோம்பேறித்தனத்துக்கு அந்தப் பேர வச்சிட்டோம். இன்னொண்ணு, பேங்கு கடனும் கடன்தான், கந்துவட்டியும் கடன்தான். அத பிரிக்காமயே எல்லாத்தையும் கடன் கடன்னா எப்படி?

லூப்பு, ஒங்க கேசுல நான் எப்படி பிரிப்பேன்னா, கோடு அசிங்கமா இருந்தா எப்ப வேணா கழுவிக்கலாம். ஒரே கணக்க 40 எடத்துல எழுதியிருக்கா, இருக்கட்டும், 2027-ல கழுவுங்க, அதுவரைக்கும் அது எங்கயும் ஓடிப்போகாது. ஆனா டேட்டா அப்படி இல்ல. இன்னைக்கு எழுதாம விட்ட விவரத்த நாளைக்கு எந்தக் கொம்பனாலயும் கொண்டுவர முடியாது. பில்லு போட்ட அன்னிக்கு என்ன ரேட்டு வாங்குனோம்னு பில்லுலயே எழுதாம விட்டது இருக்கு பாருங்க, அந்த துபாய் அண்ணன் பண்ணதுலயே அது ஒண்ணுதான் கந்துவட்டி. மத்ததெல்லாம் சும்மா கைமாத்து.

அதனால ரேட்டு டேபிள் வேணாம், 40 எடம் வேணாம். பில்லு லைன் டேபிள்ல மூணு காலம் சேருங்க: ரேட்டு, வரித்தொகை, செஸ். 22-க்கு முன்னாடி, மாஸ்டர்ல இன்னும் 28 இருக்கும்போதே, பழைய எல்லா லைனுக்கும் அந்த ரேட்ட ஒரு அப்டேட் குவெரில நிரப்பிருங்க. நம்பர் இன்னும் நெசமா இருக்குறப்ப பிடிச்சு வச்சுக்கணும். ரீப்ரிண்டும், மாசா மாசம் விற்பனைக் கணக்கு காட்டுற ஜிஎஸ்டிஆர்-1 ரிப்போர்ட்டும் அந்த காலத்துல இருந்து எடுக்கட்டும். அதுக்கு எத்தன எடம் மாத்தணும்?


லோயர்கேம்ப்_லூப் | 14 செப்டம்பர், இரவு 9.50

எண்ணிப் பாத்தேன். சேவ் பண்ற எடம் ஒண்ணு, ரீப்ரிண்ட் ஒண்ணு, ரிப்போர்ட்டு மூணு, கிரெடிட் நோட்டு ஒண்ணு. ஆறு. ரெண்டு நாளு, டெஸ்டிங்கோட மூணு.

மூணு வாரத்துல இருந்து மூணு நாளு. ஏலக்கா அண்ணன் சொன்னது சரிதான், பயத்துலதான் பெருசா சொல்லியிருக்கேன். கொஞ்சம் ஆசையும் இருந்துச்சு, ஒத்துக்கிறேன். அந்த விபி6-ஐ மொத்தமா கழட்டிப் போட்டு புதுசா எழுத ஒரு சாக்கு கெடச்சா நல்லாருக்குமேன்னு.


கோபால்_தாத்தா | 14 செப்டம்பர், இரவு 10.05

எல்லாருக்கும் அந்த ஆசை உண்டு தம்பி. ஒழுங்கா செய்யணும்னு துடிக்கிறவன்ல பாதிப்பேருக்கு அடுத்தவன் கோடு பிடிக்கல, அவ்வளவுதான்.


ஒத்தவரி | 14 செப்டம்பர், இரவு 10.20

முதலாளிகிட்ட மூணு நாளுக்கு காசு எப்படி வாங்குவீங்க?


லோயர்கேம்ப்_லூப் | 17 செப்டம்பர், இரவு 11.15

ஒத்தவரிக்கு பதிலு.

திங்கக்கிழம கடைக்கு போனேன். வாயில சொன்னா ஏறாதுன்னு தெரியும், டேபிளு, காலம்னு பேசுனா அவரு பில்லு புக்க தூக்கிட்டு ஸ்டாக் ரூமுக்கு போயிருவாரு. அதனால டேட்டாபேஸ ஒரு காப்பி எடுத்து என் லேப்டாப்ல போட்டு, அதுல சிமெண்ட 18-ஆ மாத்திட்டு, ஜூன் மாசத்து பில்லு ஒண்ணு ரீப்ரிண்ட் எடுத்தேன். 10,000 ரூபா சரக்கு, அப்ப 2,800 வரி போட்டு 12,800 வாங்கியிருக்காங்க. ரீப்ரிண்ட்ல 11,800. கடைல இருக்க மஞ்ச காப்பிய எடுத்து பக்கத்துல வச்சேன். ஒண்ணும் பேசல.

மொதலாளி கண்ணாடிய மேல தூக்கிட்டு ரெண்டு பேப்பரையும் ரொம்ப நேரம் பாத்தாரு. "இந்த ஆயிரம் எங்கடா போச்சு?" "எங்கயும் போகலண்ணே, நீங்க வாங்கி கட்டியும் ஆச்சு, கம்ப்யூட்டரு மறந்துரும்." "ஆடிட்டர் கேட்டா?" நான் பதிலே சொல்லல. டீ வந்துச்சு. குடிச்சிட்டு, "மூணு நாளுன்னா மூணு நாளு, நாலாவது நாளு இங்க உக்காரக்கூடாது"ன்னாரு. அட்வான்ஸ் இல்ல. வேல முடிஞ்சதும் ஒரு பைப்பு, மூணு வாளி, மீதி பணமா குடுக்குறதா பேச்சு.


மாத்தி_யோசி | 17 செப்டம்பர், இரவு 11.30

வாளி நல்ல கம்பெனியா பாத்து வாங்கிக்க.


லோயர்கேம்ப்_லூப் | 21 செப்டம்பர், இரவு 11.48

காலம் சேத்தாச்சு. பழைய லைனு எல்லாம் ரேட்டு நிரப்பியாச்சு. அதுக்கு முன்னாடி டேட்டாபேஸோட எம்டிபி பைல ரெண்டு பென்டிரைவ்ல காப்பி எடுத்து ஒண்ண முதலாளி பீரோல, ஒண்ண என் சட்டப்பையில. ரேட்டு மாஸ்டர்ல இருந்து வந்து நிக்கும், தேவப்பட்டா சேச்சி மாத்திக்கலாம், மாத்துனா ஏன்னு ஒரு வரி எழுதச் சொல்லி கேக்கும். அந்த மெசேஜ தமிழ்ல போட்டேன், சேச்சி "இதெந்தா"ன்னு கேட்டுச்சு, மலையாளத்துல மாத்திக் குடுத்தேன்.

ஒரு அசிங்கம் பண்ணியிருக்கேன், சொல்லிர்றேன். ரேட்டு மாத்துறதுக்குன்னு ஸ்கிரீன் எதுவும் கட்டல. கட பூட்டிக் கெடக்கு, உள்ள நான் மட்டும்தான், 12 மணிக்கு கையால டேபிள தொறந்து 28-ஐ 18-னு அடிக்கப் போறேன். ஒத்தவரி மொதல்ல சொன்னதேதான்.


ஒத்தவரி | 21 செப்டம்பர், இரவு 11.50

படிக்காமயே சொன்னேன் பாருங்க.


லோயர்கேம்ப்_லூப் | 12 அக்டோபர், காலை 10.30

நேத்து ஜிஎஸ்டிஆர்-1 போட்டாச்சு. செப்டம்பர் மாசத்துல 21 வரைக்கும் 28, 22-ல இருந்து 18-னு ரெண்டா பிரிஞ்சு வந்துச்சு, ஆடிட்டர் ஆபீஸ்ல போன் எதுவும் வரல. போன் வரலேன்னா நல்ல சேதி. போன வாரம் ஒரு கொத்தனாரு 19-ந் தேதி பில்லோட அஞ்சு மூட்ட திருப்பிக் கொண்டாந்தாரு, கிரெடிட் நோட்டு 28-லயே விழுந்துச்சு. கொழிஞ்சாம்பாற அண்ணனுக்கும் அவுங்க அக்காவுக்கும் நன்றி.


கொழிஞ்சாம்பாற_கோடு | 12 அக்டோபர், பகல் 12.15

அக்காகிட்ட சொல்லிடறனுங். ஆமா, அந்த பிளட் செஸ் பில்லுங்க என்னாச்சு? அந்த ரெண்டு வருஷத்துக்கும் செஸ் காலம் நிரப்பிட்டீங்களா?


லோயர்கேம்ப்_லூப் | 12 அக்டோபர், பகல் 12.40

பாத்தேன்ணே. நம்பர் இல்லாத கஸ்டமருக்கு மட்டும்தான செஸ்சு. அன்னைக்கு நம்பர் இல்லாத பாதிப் பேரு அப்பறம் ஜிஎஸ்டி எடுத்திருக்காங்க, சேச்சி அத கஸ்டமர் மாஸ்டர்லயே ஏத்திருச்சு. 2020-ல அவுங்களுக்கு நம்பர் இருந்துச்சா இல்லையான்னு இப்ப அந்த டேபிள பாத்து சொல்ல முடியல. மஞ்ச காப்பியும் அந்த வருஷத்துது மழைல ஊறி ஒட்டிப்போச்சு. அந்த காண்ட்ராக்டர் பில்லு இன்னும் 12,800-னுதான் வருது. முதலாளி பேனா வச்சிருக்காரு.